திட்டுக்குப் பதில் திட்டு

லீட்ஸ், இங்கிலாந்து
15 ஜனவரி 2024

என் அக்கா கலாவுக்கு, தினா எழுதுவது.

காகிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மார்வா. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், கிரெனடா தீவில் பிறந்த கறுப்பினக் கவிஞர் என்று சொன்னேனே, அவர்தான். "நீ எல்லாவற்றையும் விரலால் தட்டியே யோசிக்கிறாய். கொஞ்ச காலம் கையால் எழுது. ஊரில் யாருக்காவது கடிதம் போடு. எனக்குக் காட்டவேண்டாம்" என்றார். இன்றைக்குப் பொங்கல். விடுதி அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். உன் ஞாபகம் வந்தது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நான் இங்கே என்னதான் படிக்கிறேன் என்று சுகுமாரன் அத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். சொல்கிறேன், நீயே அவருக்கு விளக்கிவிடு. சில கறுப்பினக் கவிஞர்கள் ஒழுங்கான வரிகளில் எழுதமாட்டார்கள். பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். ஒரு சொல்லை உடைத்து இங்கும் அங்குமாகப் போடுவார்கள். மேடையில் வாசிக்கும்போது மூச்சு வாங்குவது, திக்குவது, இருமுவதுகூடக் கவிதையில் சேர்த்தி. இவர்களுடைய முன்னோரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிப் போய், அவர்கள் மொழியைப் பிடுங்கிக்கொண்டு முதலாளியின் மொழியைக் கொடுத்தார்கள். அந்த மொழியில் அழகாக எழுதிக் காட்டினால் மட்டும் போதுமா என்பது இவர்கள் கேள்வி. நான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதோடு நிற்கக் கூடாது. என் உடம்பையும் குரலையும் வைத்து மேடையில் ஒன்று செய்யவேண்டும். அதுவும் ஆராய்ச்சிதான். செப்டம்பரில் தேர்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். அத்தானிடம் "நாடகம்" என்று சொல்லிவிடு, விட்டுவிடுவார்.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவள் குரலை நான் கேட்கவே இல்லை. போனைக் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாய். காலையிலும் தூக்கம், சாயந்தரமும் தூக்கமா? எதையோ மறைக்கிறாய். காகிதத்திலாவது உண்மையை எழுது.

உன் தங்கை,
தினேஸ்வரி

•

குனோங் ராபாட், மலேசியா
4 பிப்ரவரி 2024

என் செல்லத் தங்கச்சி தினாவுக்கு,

நலம். நீயும் சாப்பிட்டு நன்றாக இரு. உன் கடிதம் வந்து மூன்று நாள் கழித்துத்தான் என் கைக்குக் கிடைத்தது. உறையைப் பார்த்ததும் அத்தான் ரோட்டு சமன், ஏதோ அபராதம் வந்திருக்கிறது என்று நினைத்து, பிரிக்காமலே டிவிக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். நீ படிப்பதை விளக்கினேன். கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ டிராமாதானே லா?" என்றார்.

நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அம்மா தூங்குவதில்லை. பேசுகிறாள். அவள் பேசுவதைத்தான் மறைத்தேன்.

அம்மாவை உனக்குத் தெரியும். நாம் சின்ன வயதில் வாய் தவறி "சனியனே" என்றாலே உதட்டில் சுண்டுவாள். அவளுக்கு இப்போது நம் பெயர் வருவதில்லை. தண்ணீர் என்று வருவதில்லை. சோறு என்று வருவதில்லை. வருவதெல்லாம் கெட்ட வார்த்தை. ஓவல்டின் வேண்டுமா என்று கேட்டால் "எடுபட்ட சிறுக்கி" என்கிறாள். குளிப்பாட்டும்போது "கட்டையில போறவளே" என்கிறாள். அதுவும் திக்காமல், கணீரென்று. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள், யோசித்துப் பேசுகிற இடம் மூளையில் அடிபட்டுவிட்டதாம். பாட்டு, எண்ணிக்கை, திட்டு, இப்படித் தானாக வாயில் வருவதெல்லாம் வேறு இடத்தில் இருக்குமாம், அது சேதமில்லையாம். அம்மாவுக்குச் சாமிப் பாட்டு மிஞ்சியிருக்கக் கூடாதா? இதுதானா மிஞ்சவேண்டும்?

இந்தப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. அம்மா ஏதோ பூஜை மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்துப் பக்தியாகச் சிரிக்கிறார். அந்தப் பக்கம் தமிழ் வாத்தியார் குடும்பம், அதனால் ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கிறது. நான் காலையில் எழுந்து அவளைக் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுப் பல் கிளினிக்குக்கு வேலைக்கு ஓடுகிறேன். இவ்வளவும் வாங்கிக்கொண்டு என்னை அப்படித் திட்டுகிறாள். திட்டியதும் நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன் என்று சில நாள் கிளினிக் கழிப்பறையில் நின்று அழுதிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சிக்காக ஒரு நாள் போனில் பதிவு செய்தேன். உனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ மட்டும் கேள். அத்தானுக்குக்கூட நான் போட்டுக் காட்டவில்லை.

அன்புடன்,
அக்கா

•

லீட்ஸ்
1 மார்ச் 2024

என் அக்காவுக்கு,

நீ அனுப்பியதைக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் அழுகை வந்தது, அப்புறம் தூக்கிவாரிப்போட்டது. அக்கா, அது அம்மாவின் வார்த்தையே இல்லை!

யோசித்துப் பார். சிறுக்கி, போறவளே என்று எல்லாம் பெண்ணைப் பார்த்துச் சொல்வது. அம்மா பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். விடியும் முன் பெரட்டுக்குப் போய், பெயர் கூப்பிடும்வரை வரிசையில் நிற்பாள். அங்கே வேலை வாங்கும் மண்டோர் பெண்களைப் பார்த்துக் கத்தியிருப்பான். வருடக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு அது அவள் உடம்பில் இறங்கிவிட்டது. இப்போது அவளுடைய பேச்செல்லாம் போய்விட்டது, மண்டோர் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. நான் படிக்கிற கவிஞர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். கங்காணி கத்திய சொல் நம் தொண்டையிலேயே குடியிருக்கிறது, அதை வெளியே எடுத்து உடைத்துப் போடவேண்டும் என்கிறார்கள். இரண்டு வருடமாக நான் தேடியது நம் வீட்டு முன்னறையில் இருந்திருக்கிறது.

போன வியாழக்கிழமை எங்கள் துறையில் ஒரு சின்ன ஒத்திகை. இருபது பேர் இருப்பார்கள். விளக்கை அணைத்து அம்மா குரலை ஓடவிட்டேன். அவள் மரம் வெட்டும்போது குனிவதுபோலக் குனிந்து, கூடத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு வார்த்தை புரியாதவர்கள்கூட அழுதார்கள். ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். செப்டம்பரில் இதைத்தான் செய்யப்போகிறேன். என் மூன்று வருடப் படிப்புக்கு இதுதான் பதில்.

அம்மா உன்னைத் திட்டவில்லை அக்கா. இனிமேல் அழாதே. முடிந்தால் இன்னும் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பு.

தினா

•

குனோங் ராபாட்
21 மார்ச் 2024

தினேஸ்வரிக்கு,

நீ மட்டும் கேள் என்று எழுதியிருந்தேன்.

நான் ஜன்னலை மூடி வைத்த குரலை நீ மேடையில் கூட்டத்துக்குப் போட்டிருக்கிறாய். நம் அம்மாவைப் பார்த்து ஊர் பேர் தெரியாதவர்கள் எதற்காக அழவேண்டும்? அவள் யாரிடமாவது அழச் சொன்னாளா? கிளினிக்கில் ஒருவர் பல்லை எக்ஸ்ரே எடுக்கக்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம்.

மண்டோர் கத்தினான் என்கிறாய். இருக்கலாம். எனக்குத் தெரியாது. காலையில் அவள் கண் என் முகத்தில்தான் இருக்கிறது, எந்த மண்டோர் முகத்திலும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அவள் நடுங்குவது எனக்குத்தான் தெரியும். நீ அங்கே குனிந்து நடந்து காட்டிக் கைதட்டல் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா குரல் வேண்டாம். அதை அழித்துவிடு.

இனிமேல் எனக்கு எழுத நேரமில்லை.

கலாதேவி

•

லீட்ஸ்
14 ஏப்ரல் 2024

என் அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அழித்துவிட்டேன். போனிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு. எனக்குக் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் அது உன்னுடையது, அம்மாவுடையது என்பதை மறந்துவிட்டேன். அக்கா என்று போடாமல் உன் பெயரை முழுசாகக் கையெழுத்தாகப் போட்டிருந்தாயே, அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

மார்வாவிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒத்திகைக்கு வந்திருந்தார், எல்லாரும் அழுதபோது அவர் மட்டும் அழவில்லை. அன்றைக்கே ஒன்று கேட்டார்: "உன் அம்மா இதை யாரிடம் சொன்னார்?" யாரிடமும் இல்லை, மண்டோர் அம்மாவிடம் சொன்னது என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை இன்னும் நேராகச் சொல்லிவிட்டார். "எங்களுக்கு ஒரு காயம் உண்டு. அது எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. அதை எடுத்து உன் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்கிறாய். அவர் அளவை எடுத்தாயா?" என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பருக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பரவாயில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அத்தான் போனில் சொன்னார், அது குறைந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது.

தினா

•

குனோங் ராபாட்
16 ஜூன் 2024

தினாவுக்கு,

கால் வீக்கம் குறைந்துவிட்டது. பிடிவாதமாகத்தான் எழுதாமல் இருந்தேன். ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் சமைக்கக்கூட முடியவில்லை.

செமோரிலிருந்து நல்லம்மாள் அத்தை வந்திருந்தார். அப்பாவின் தங்கை, நீ பார்த்தே பத்து வருடம் இருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து அவரே இவ்வளவு நாள் படுக்கையில் கிடந்தவர். அதனால்தான் அம்மாவைப் பார்க்க வரவில்லை. மகன் பவித்ரன் காரில் கூட்டிவந்து, கையைப் பிடித்து வாசலில் ஏற்றிவிட்டான். அம்மா வாயைத் திறக்கக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

அத்தை உள்ளே கால்கூட வைக்கவில்லை, அதற்குள் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எடுபட்ட சிறுக்கி! கட்டையில போறவளே!" என்று கத்தினாள்.

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "அத்தை, தப்பா நெனைக்காதீங்க லா. அம்மாவுக்கு நெனப்பு இல்ல, வாயில என்னமோ வருது..."

"நீ நகருடி" என்று என்னைத் தள்ளிவிட்டு, அத்தை கொண்டுவந்த பழப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "யாருடி கட்டையில போறவ? நீ போடி மொதல்ல, பன்னாட! கை விழுந்தும் வாய் விழலையாடி ஒனக்கு?"

"மூதேவி!" என்றாள் அம்மா.

"நீதாண்டி மூதேவி. ஒன் ஏழு தலமொறையும் மூதேவி!"

தினா, அம்மா சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து திட்டினார்கள் பார், அத்தான் எழுந்து பவித்ரனையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டார். அம்மாவிடம் இருப்பது நாலைந்து வார்த்தைதான். அதையே ஒரு தடவை கொஞ்சலாக, ஒரு தடவை கேள்வியாக, ஒரு தடவை புகாராகச் சொல்கிறாள். அத்தைக்கு எல்லாம் விளங்குகிறது. நடுவில் என்னைப் பார்த்து, "கஞ்சியில உப்பு பத்தலயாம்" என்றார்.

டீ போட்டுக் கொடுத்து, மண்டோர் விஷயத்தைக் கேட்டேன். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மண்டோரா? பிச்சைமுத்து மண்டோரு எங்க வாயக் கேட்டா அடுத்த நெரைக்கு ஓடிருவாரு, பாவம். வேற மண்டோரு கத்துனது உண்டு. அந்த வார்த்தைய இவ சாகுற வரைக்கும் வாயில வெச்சுக்கமாட்டா. இது நாங்க பேசுறது லா. எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மர நெரை. விடியக்கால இருட்டு, பனி, ஆளு தெரியாது. பாம்பு கடிச்சுக் கெடந்தாலும் தெரியாது. நான் ஒண்ணு திட்டுவேன். அவ ஒண்ணு திட்டுவா. பதில் வந்தா ஆளு நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோம்." அண்ணி நாத்தனார் முறைக்காரிகள், கேலி பேசாமல் இருந்தால்தான் குற்றமாம்.

"நாங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லையே அத்தை" என்றேன்.

"பிள்ளைங்க காதுல விழலாமா? வீட்டு வாசப்படி மிதிச்சதும் வாயப் பொத்திக்குவோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா என்மேல் வெறுப்பில் முகத்தைத் திருப்பவில்லை. நான் அவள் பெற்ற பிள்ளை, என்னிடம் சொல்லக் கூடாத வார்த்தை வாயில் வந்துவிடுகிறதே என்று பொத்திக்கொள்கிறாள். அது தெரியாமல் எத்தனை நாள் கோபத்தில் அவள் தலையை அழுத்தித் துவட்டியிருக்கிறேன்.

புறப்படும்போது அத்தை, "நான் தெனம் வர முடியுமா? இவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நீ பதில் சொல்லு" என்றார். "பெத்த அம்மாவையா அத்தை?" என்றேன். "இங்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

இன்று காலையில் அம்மா சொன்னாள், பொத்திக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன், எனக்கு வரவில்லை. உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

அக்கா

•

லீட்ஸ்
5 ஜூலை 2024

என் அக்காவுக்கு,

"அக்கா" என்று போட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணியும் நாத்தனாரும் இப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டில் மாமன் பிள்ளைகள் நம்மை என்ன பாடு படுத்துவார்கள்! அது ஞாபகத்துக்கே வரவில்லை. மண்டோர்தான் வந்தான். மண்டோர் இருந்தால் அம்மா பாவப்பட்டவள் ஆகிவிடுவாள், அவளுக்காகப் பேசுகிற பெரிய ஆள் நான் ஆகிவிடுவேன். மூன்று வருடமாகத் தூரத்தில் இருக்கிற மகளுக்கு அது வசதியாக இருந்தது.

மார்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டையில போறவளே" என்பதை மொழிபெயர்த்தபோது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கறுப்பினத்தவருடைய தேவாலயம், வயல் வேலை, கவிதை எல்லாமே ஒருவர் கூப்பிட மற்றவர் பதில் கொடுப்பதுதான். அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். சொந்த அம்மா கூப்பிடும்போது எனக்கு அது கேட்கவில்லை.

எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நீ சம்மதித்தால் ஒன்று செய்ய ஆசை. அம்மா குரல் இல்லை. அழுகை இல்லை. அந்த வார்த்தைகளை என் வாயால், என் குரலில் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், வேறு யோசிக்கிறேன். இந்தத் தடவை முதலில் கேட்கிறேன்.

நீ அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கே இருப்பவள் நீ. ஆனால் தினமும் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

தினா

•

குனோங் ராபாட்
11 ஆகஸ்ட் 2024

என் தங்கச்சி தினாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து முதுகில் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் குளிர்ந்துவிட்டது போல. "எடுபட்ட சிறுக்கி" என்றாள். சொன்ன உடனே கையை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "நீ மொதல்ல போடி, பன்னாட" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கியவளைப் போலப் பார்த்தாள். ஐயோ, பெற்றவளைப் போடி என்றுவிட்டேனே, பெரிய பாவம் பண்ணிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா நல்ல கையால் என் முகத்தைத் துடைத்தாள், சோப்பு நுரையோடு. துடைத்துவிட்டு மெதுவாக, "மூதேவி" என்றாள். அப்படி ஒரு குரலில் அவள் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது நான் வயசுக்கு வந்தபோது என்று நினைக்கிறேன்.

அத்தான் கதவைத் தட்டி, "என்ன சண்டை உள்ள? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்கிறார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கதவைத் திறக்க முடியவில்லை.

இப்போது தினமும் நடக்கிறது. நான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னாலேயே முன்னறையிலிருந்து சத்தம் வருகிறது. நான் பதில் கொடுத்துக்கொண்டே உள்ளே போகிறேன். எனக்கு வார்த்தை பற்றாமல் அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அவர் சொல்லித் தருவதில் பாதியை என்னால் காகிதத்தில் எழுத முடியாது. முறை கெட்டுப்போய்விட்டது என்று ஊரில் யாராவது சொன்னால் சொல்லட்டும். அம்மா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புவதில்லை, எனக்கு அது போதும்.

உன் விஷயம். உன் குரலில் சொல்வதென்றால் எனக்குச் சம்மதம். அம்மா குரல் கூடாது, அதில் மாற்றம் இல்லை. அம்மாவையும் கேட்டேன். உன் போட்டோவைக் காட்டி, "தினா இத மேடையில சொல்லலாமாம்மா?" என்றேன். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்துவிட்டு, "சிறுக்கி" என்றாள். சொல்லட்டும் என்கிறாளா, கூடாது என்கிறாளா, எனக்கும் தெரியவில்லை. ஆனால் வாயைப் பொத்தவில்லை.

இன்னொன்று. அதற்குப் பிறகு அம்மா அந்தப் போட்டோவைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறாள். மடியில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுகிறாள். பேசிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்க்கிறாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தினா. என்னைப் பார்த்துக் கேட்டால்தானே நான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா

•

லீட்ஸ்
27 செப்டம்பர் 2024

அக்கா, இது அம்மாவுக்கு. நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசி. ஜன்னலைத் திறந்து வை, வாத்தியார் வீட்டிலும் கேட்கட்டும்.

அடியே காளியம்மா, எடுபட்ட சிறுக்கி,

நான்தான் தினா. ஒன் சின்ன மக. நீ கூப்பிட்டது எனக்கு இப்பதான் கேட்டுச்சு. என்னத் திட்டுறியாமே? என் படத்த மடியில வெச்சுக்கிட்டுத் திட்டுறியாமே? நேர்ல திட்ட ஒனக்கு ஆள் இல்லயா, பன்னாட?

போன செவ்வாக்கெழம பரீட்சை முடிஞ்சது. மேடையில வெறும் வெளக்கு, நான் மட்டும். ஒன் வார்த்தைய எடுத்துச் சொன்னேன். ஒன்ன மாதிரி கணீர்னு எனக்கு வரல, மூச்சு முட்டிச்சு, இருந்தாலும் சொன்னேன். சொல்லிட்டு நின்னேன். யாரும் பேசல. பரீட்சை எடுக்க வந்தவங்க பேனாவப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. மறுபடியும் சொன்னேன். அப்பயும் பதில் இல்ல. படத்த வெச்சுக்கிட்டு நீ இப்படித்தானே ஒக்காந்திருப்பன்னு நெனச்சேன்.

மூணாவது தடவ சொன்னப்ப, கடைசி வரிசையிலேருந்து எங்க டீச்சர் மார்வா எழுந்திரிச்சாங்க. அவங்க தீவுப் பேச்சுல என்னமோ ஒண்ணு கத்துனாங்க பாரு, கூடமே அதிர்ந்துச்சு. அவங்க அம்மாவும் சித்தியும் சந்தையில திட்டிக்குவாங்களாம், அதுதானாம். "வெக்கங்கெட்ட ஆடே"ன்னு அர்த்தமாம். நான் திருப்பித் திட்டுனேன். அவங்க விடல. எல்லாரும் சிரிச்சாங்கம்மா. ஒருத்தரும் அழல.

பாஸு. கொஞ்சம் திருத்தி எழுதணும்னு சொன்னாங்க. எழுதுறத எங்க ஒக்காந்து எழுதுனா என்ன? குனோங் ராபாட்ல மேசை இல்லயா? டிக்கெட் போட்டுட்டேன். தீபாவளிக்கு முன்னாடி வீட்டுல இருப்பேன். வந்து ஒன்ன நாறடிக்கிறேன் பாரு. அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும், அவளும் மனுஷிதானே.

அத்த சொன்னாங்களாமே, பதில் வந்தா ஆளு நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோம்னு. இந்தா, என் பதில். நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இரு, மூதேவி. நான் வாரதுக்குள்ள எங்கயும் போயிடாத.

ஒன் சிறுக்கி மக,
தினா